சர்வருக்கு ஒரு நாள் லீவு

செப்டம்பர் 6, சனி

இந்த நோட்டு சர்வர் சோதனைக்கு மட்டும். தேதி, நேரம், எண். வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

எதற்கு இந்தச் சோதனை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாமக்கல் லாரிக்காரர்களுக்காக மூன்று வருடமாக ‘லோடு பலகை’ என்ற இணையதளத்தை நடத்தி வருகிறேன். வண்டி எந்த ஊரில் காலியாக நிற்கிறது என்று டிரைவர் போடுவார். சரக்கு எந்த ஊரில் கிடக்கிறது என்று வியாபாரி போடுவார். பிறகு இருவரும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். லோடுக்குக் கமிஷன் கிடையாது, வருடச் சந்தா மட்டும். முந்நூற்று எண்பது வண்டிகள் இருக்கின்றன. இதை நம்பித்தான் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் பார்த்த வேலையை விட்டேன்.

இதுவரை தளம் ஒரு நண்பரின் சர்வரில் ஓசியில் ஓடியது. ஓசி என்பதால் அது நினைத்தபோதெல்லாம் படுத்துக்கொள்ளும். இந்த மாதக் கடைசியோடு அதையும் மூடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை லாரி உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு பெரிய ஆப் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட நடையாய் நடக்கிறதாம். லோடுக்கு லோடு கமிஷன் பிடிப்பார்கள், ஆனால் அவர்கள் ஆப் தொங்குவதில்லையாம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் லோடு பலகை தொங்காமல் ஓடினால் எங்களோடு இருப்பார்கள். தொங்கினால் அவர்களோடு கையெழுத்து.

ஏன் அந்தக் காலை என்றால், ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர் வண்டி எந்த மாநிலத்தில் இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடும். கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து நிறுத்திவிடுவார்கள். அன்று ஒரு சக்கரமும் உருளாது. விஜயதசமி விடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் முதல் லோடு தேடுவார்கள். அன்று காலியாக நின்றால் வருடம் பூராவும் காலியாக நிற்கும் என்று ஒரு பயம். தளத்தின்மேல் வருடத்திலேயே பெரிய கூட்டம் ஏறுவது அந்த மூன்று மணி நேரம்தான்.

கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அது சோதனைக்குச் சம்பந்தமில்லாதது.

செப்டம்பர் 8, திங்கள்

மூன்று கம்பெனிகளில் மூன்று வி.பி.எஸ். ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கியிருக்கிறேன். வி.பி.எஸ். என்றால் வேறொன்றுமில்லை, லைன் வீடு. ஒரு பெரிய மெஷினைத் தடுப்பு வைத்துப் பிரித்துப் பல பேருக்கு வாடகைக்கு விடுகிறான். வாசல் தனித்தனி, தண்ணீர்க் குழாய் பொது.

மெஷின் இருக்கும் ஊரை வைத்தே பெயர் வைத்துவிட்டேன். மும்பைக்காரன் மாதம் இருநூற்று எண்பத்தொன்பது. பெங்களூருக்காரன் முந்நூற்றைம்பது. ஜெர்மனிக்காரன் நானூற்றுப் பத்து. மூவரும் தருவதாகச் சொல்வது ஒரே அளவு: இரண்டு பிராசஸர், இரண்டு ஜி.பி. ராம், நாற்பது ஜி.பி. டிஸ்க். விளம்பரத்தில் மூவரும் மின்னல் வேகம்.

பெங்களூருக்காரன் பணத்தை வாங்கிக்கொண்டு ஆதார் கேட்டான். கொடுத்தேன். பான் கேட்டான். கொடுத்தேன். ஆதாரை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு ஃபோட்டோ கேட்டான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

காலை 11 மணி. முந்நூறு டிரைவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் எப்படியிருக்குமோ அப்படித் தட்டுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். மும்பையில் பக்கம் திறக்க 0.9 விநாடி. ஜெர்மனியில் 1.8. கடல் தாண்டிப் போய் வருகிறது, வேறென்ன எதிர்பார்ப்பது? டிஸ்க் வேகத்திலும் மும்பைதான் முதல்.

பெங்களூரு இன்னும் திறக்கவில்லை. டிக்கெட் எண் மட்டும் மூன்று கொடுத்திருக்கிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் வந்திருந்தார். நான்கு வண்டி வைத்திருக்கிறார். தளம் ஆரம்பித்த நாளில் ஒருவரும் சீண்டாதபோது, ஒவ்வொரு பட்டறையாகப் போய் ஆளைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். சங்கத்தில் எங்களுக்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பவரும் அவர்தான். விஜயதசமியன்று தளம் தொங்கினால் எனக்குப் பிழைப்பு போகும், அவருக்கு மானம் போகும்.

அவருக்கு என் அட்டவணையைக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தார்.

“அம்மிணி, இதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும். நீங்க எதை வேணா எடுங்க. பூஜைக்கு மறுநா காத்தால அது நிக்காம ஓடோணும். அவ்வளவுதானுங்க.”

டீயைக் குடித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை இந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லையா என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். அவருக்குத் தெரியும். எனக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரியும். முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சரி, எழுதியே விடுகிறேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஜூலையிலிருந்து கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். போன மாதக் கடைசியில் அந்தக் கூட்டத்துக்கும் வந்தார். செயலாளர் என்னைப் பார்த்து, சர்வரை யாரம்மா பார்த்துக்கொள்வது என்று கேட்டார். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார். நாற்பது பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வாணிக்கு சர்வரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நான் கோயமுத்தூர்ல இருந்தே பாத்துக்கறேன்.” நாற்பது பேருக்கும் அப்பாடா என்றிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. நான் பாதி எழுந்தவள் புடவையைச் சரி செய்வதுபோலச் செய்துவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்று வருடம் அந்தத் தளத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான். வீட்டுக்கு வந்ததும் இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தார். இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெங்களூருக்காரன் திறந்துவிட்டான். எட்டு நாளுக்குப் பிறகு. தட்டிப் பார்த்தேன். முந்நூறு பேர் வேண்டாம், அறுபது பேருக்கே மூச்சு வாங்குகிறது. டிஸ்க் வேகம் எங்கள் லேபில் இருந்த பழைய மெஷினைவிடக் குறைவு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, விதிமுறை பதினொன்றைப் படிக்கச் சொன்னான். படித்தேன். திறந்த ஏழு நாளுக்குள் கேட்டால் தருவானாம். ஆனால் அந்த ஏழு நாள் பணம் கட்டிய தேதியிலிருந்து கணக்காம்.

அவனை அட்டவணையில் கறுப்பு மையால் அடித்தேன். பேனா முள் தாளைக் கிழித்தது.

செப்டம்பர் 17, புதன்

கோவையிலிருந்து வாட்ஸ்ஆப். நான் சோதனை நடத்துகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாச்சிமுத்து அண்ணனாகத்தான் இருக்கும். செய்தி இதுதான்: “பதினோரு மணிக்கு ஓட்டிப் பாக்காத. லாரிக்காரங்க வர்ற நேரம் காத்தால ஆறு. அப்ப ஓட்டு. ஸ்டீல் எவ்வளவுன்னு பாரு.”

ஸ்டீல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதென்று நினைப்பு. லைன் வீட்டில் நம் முறை வரும்போது பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் குடத்தை வைத்திருந்தால், நாம் காத்து நிற்கும் அந்த நேரம்தான் ஸ்டீல். நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் நல்ல வீடு. பதில் போடவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

காலை 6 மணி. மும்பை, ஸ்டீல் 31. பக்கம் திறக்க 4.2 விநாடி. ஜெர்மனி, ஸ்டீல் 1. பக்கம் 1.8.

ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு செய்ய முடியாது.

காலை 11 மணி. மும்பை, ஸ்டீல் 4. பக்கம் 0.9. இதோ.

செப்டம்பர் 20, சனி

காலை 11 மணி. மும்பை 0.9.

ஆறு மணிக்கு மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டில் வேலை இருக்கிறது. பால்காரர், தண்ணீர் மோட்டார், வாசல். கோவையில் விடுதியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் கிடையாது.

செப்டம்பர் 24, புதன்

முடிவு எடுத்துவிட்டேன். மும்பை. விலை குறைவு, பக்கத்தில் இருக்கிறது, வேகம் ஜெர்மனியைப்போல இரண்டு மடங்கு. அட்டவணையில் மூன்று மதிப்பெண்களும் அவனுக்கே. ‘சீராக இருக்கிறதா’ என்று நான்காவது ஒரு கட்டம் போட்டிருந்தேன். மூன்று கட்டமே தெளிவாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டேன்.

இன்று முழுவதும் தளத்தை மாற்றும் வேலை. மதியம் சமைக்கவில்லை, நான்கு இட்லி வாங்கி வந்து சாப்பிட்டேன். ஐந்தரைக்குப் புது சர்வரிலிருந்து லோடு பலகை திறந்தது. ஒரு பிழையும் இல்லை. ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

துரைக்கண்ணு நாக்பூரிலிருந்து கூப்பிட்டார். நாச்சிமுத்து அண்ணன் வண்டியில் பதினாறு வருடமாக டிரைவர். பக்கம் இப்போது தொட்டதும் திறக்கிறதாம், ஆரஞ்சு லோடு உடனே கிடைத்துவிட்டதாம். பூஜைக்கு ஊருக்கு வருகிறாராம். சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

யார் யார் உள்ளே வருகிறார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். தினமும் காலை ஐந்தரைக்குக் கோவையிலிருந்து ஒருவர் வருகிறார். லோடு எதையும் தேடுவதில்லை. முதல் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அந்த ஊர் புரோக்கர் யாராவது இருக்கும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஊர் பூராவும் தண்ணீரும் ஷாம்பூவும். எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது லாரிகள் நிற்கின்றன. ஹாரனைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு அடிக்கிறார்கள்.

நாச்சிமுத்து அண்ணன் சந்தனமும் பொரியும் கொண்டுவந்து கொடுத்தார். “நம்ம சர்வருக்கும் ஒரு பொட்டு வெச்சுருங்க அம்மிணி” என்றார். அது மும்பையில் இருக்கிறது என்றேன். யோசித்தார். அப்படியானால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைத்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றார்.

அவருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கும் இருந்தால் நன்றாக இருக்கும். இல்லை, எனக்கு ஒன்றும் பயமில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் வீட்டைக் கழுவினேன். போர்டிகோவில் நிற்கும் வீட்டுக்காரரின் பைக்கையும் கழுவ வேண்டியதாயிற்று, வழியில் நிற்கிறது. செயினுக்கு எண்ணெய் விட்டு, மாலை போட்டேன். வண்டி என்று இருந்தால் போட வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு லேப்டாப்பை மூடி, மேலே மூன்று பட்டை சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி. பூஜை முடிந்தது. நாளைக் காலை மறுபூஜை செய்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

மூன்று பத்துக்கு அவர் ஃபோன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக எடுத்தேன், பண்டிகை நாள் என்பதால். பூஜை ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். பைக்குக்கு மாலை போட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஆரம்பித்தார்.

“வாணி, கோவப்படாமக் கேளு. உன் மும்பை சர்வர நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். காத்தால அது திணறுது. அந்த மெஷின்ல அளவுக்கு மேல ஆள ஏத்தியிருக்கான். ஓடிட்டு இருக்கற வரைக்கும் எப்படியோ ஓடிரும். ஆனா ஒரு தடவ அணைச்சீன்னா திரும்ப எந்திரிக்க எடம் இருக்காது. உனக்கு இதெல்லாம் தெரியாது. நாளைக்குக் காத்தால முடியற வரைக்கும் அத மட்டும் ஆஃப் பண்ணிப்போடாத.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்று பதினைந்துக்கு ஃபோனிலேயே கம்பெனியின் பக்கத்தைத் திறந்து சர்வரை அணைத்தேன். வண்டிகளெல்லாம் ஓய்வெடுக்கும் நாள். இன்று தளத்துக்கு வருவதற்கு ஆளும் இல்லை. நாச்சிமுத்து அண்ணன் சொன்னதுபோல அதற்கும் பூஜை, அதற்கும் ஒரு நாள் லீவு.

பொரி நமுத்துப் போயிருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலை 5.20. சர்வரைத் திறக்க அழுத்தினேன்.

5.24. ‘இந்த மெஷினில் போதிய இடம் இல்லை. பிறகு முயலவும்.’

5.40. அதே.

மாலை 5 மணி. இப்போதுதான் உட்காருகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் போன இடைவெளியில் என் போர்ஷனில் வேறு யாரையோ குடிவைத்துவிட்டான் மும்பைக்காரன். ஒரு சாவியைப் பத்துப் பேருக்கு விற்றிருக்கிறான். உதவிக்கு அழைத்தால் ஒரு ரோபோ, ‘அன்பு வாடிக்கையாளரே, பண்டிகை வாழ்த்துகள்’ என்றது. பண்டிகை வாழ்த்துகள்! எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொன்னது. அதைத் திட்டினேன். வாயில் வரக் கூடாததெல்லாம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் ஹோஸை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஐந்து நாற்பத்தைந்திலிருந்து ஃபோன் நிற்கவில்லை. பலகை திறக்கவில்லை, பலகை திறக்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. “நான் சங்க ஆபீசுல நிக்கறேனுங்க. ஆப் கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு வாசல்ல மேசை போட்டு உக்காந்துட்டாங்க. எவ்வளவு நேரம்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

கோவையிலிருந்தும் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. முதல் அழைப்பு ஐந்து முப்பத்திரண்டுக்கு. எடுக்கவில்லை.

ஜெர்மனிக்காரனுக்குக் கட்டிய ஒரு மாதம் இன்னும் முடியவில்லை என்பது ஆறு மணிக்குத்தான் உறைத்தது. தளத்தின் பழைய நகல் ஒன்று சோதனைக்காக அவனிடம் இருந்தது. புது விவரம் முழுக்க லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப் சாமி முன்னால் இருந்தது. மறுபூஜை செய்ய நேரமில்லை. கற்பூரம்கூடக் காட்டாமல் எடுத்துத் திறந்தேன். செவ்வந்தி இதழெல்லாம் கீபோர்டுக்குள் போனது. சந்தனக் கையோடு தட்டினேன்.

விவரத்தை ஜெர்மனிக்கு ஏற்றி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, லோடு பலகை என்ற பெயரை அந்த முகவரிக்குத் திருப்பினேன். ஏழு பத்துக்கு என் வேலை முடிந்துவிட்டது. ஆனால் முகவரி மாறியது எல்லாருடைய ஃபோனுக்கும் போய்ச் சேர நேரமாகும். அதை அவசரப்படுத்த ஒருவராலும் முடியாது. ஏழரைக்குச் சிலருக்குத் திறந்தது. ஒன்பது நாற்பதுக்கு எல்லாருக்கும் திறந்தது. அதன்பிறகு தொங்கவே இல்லை. ஸ்டீல் 1. பக்கம் 1.8. கடல் தாண்டிப் போய் வந்தும் ஒரே சீர்.

ஒன்பது நாற்பதுக்குள் நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் வாசல் மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டன.

துரைக்கண்ணும் ஆப்பில்தான் முதல் லோடு எடுத்தார். சேலத்திலிருந்து ஜவ்வரிசி. கூப்பிட்டுச் சொன்னார். “என்னங்க்கா பண்றது, காலியா நிக்க முடியலீங்க” என்றார். அவர் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசியதுதான் தாங்கவில்லை.

நாளை நான்கு மணிக்குக் கூட்டம். இதற்கெல்லாம் காரணம் மும்பைக்காரன். மும்பைக்காரன்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் வாட்ஸ்ஆப்: “கம்பெனி மேல தப்புன்னு சொல்லிரு. அதுதான் உண்மையும். வேணும்னா நானும் ஃபோன்ல வந்து சொல்றேன். எனக்குத் தெரிஞ்சவங்க, நம்புவாங்க.”

நம்புவார்கள். அவர் சொன்னால் நம்புவார்கள்.

நாச்சிமுத்து அண்ணன் மூன்று மணிக்கு வந்தார். அவரும் அதையே யோசித்து வைத்திருந்தார். ஒருவேளை பூஜை பற்றிப் பேச்சு வந்தால், நிறுத்தச் சொன்னதே தான்தான் என்று சொல்லிவிடுகிறாராம்.

“நீங்க பொட்டு வைக்கத்தானே சொன்னீங்க” என்றேன்.

“அது உங்களுக்கும் எனக்குந்தானுங்க தெரியும்” என்றார்.

அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. முதல் தடவையாக என்மீதே, வேறு யார்மீதும் இல்லை.

சங்க ஆபீஸ். அதே நாற்பது நாற்காலி. செயலாளர், என்னம்மா ஆச்சு என்றார். இந்தத் தடவை எனக்கு முன்னால் எழுந்திருக்க ஆள் இல்லை. எழுந்தேன்.

“அந்த சர்வர் கம்பெனி மோசந்தானுங்க. ஆனா அணைக்காம இருந்திருந்தா எப்படியோ ஓடியிருக்கும். அணைச்சது நான்தாங்க. பூஜைக்காக இல்லீங்க. அணைக்காதேன்னு ஒருத்தர் சொன்னாரு, அதனால அணைச்சேன்.”

பின்வரிசையில் ஒருவர், யார் அது என்று கேட்டார்.

“இதே எடத்துல நின்னுட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்ககிட்டச் சொன்னவருங்க.”

நாச்சிமுத்து அண்ணன் தரையைப் பார்த்தார். மூன்று வண்டி வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, “உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க மொத லோடுதான் கெடச்சுதுங்களா?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான் என்றேன்.

அப்புறம் அட்டவணையை எடுத்தேன். ஆறு மணிக்கு வந்த 31 என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, பதினொரு மணி எண்ணை வைத்துக்கொண்டதையும் சொன்னேன். நான்காவது கட்டத்தை எடுத்ததையும் சொன்னேன். டயர் விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அவர்கள். விலை குறைந்த டயர் பட்டறையில் நன்றாகத்தான் இருக்கும், ஏற்றத்தில்தான் தெரியும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெர்மனிக்காரன் எண்களைத் தினமும் காலை ஆறு மணிக்கு எடுத்துச் சங்கப் பலகையில் ஒட்டுவதாகச் சொன்னேன். சர்வரை இனி அணைப்பதில்லை, எந்த சாமிக்காகவும்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கம்பெனிக்காரன் மேல பழியப் போட்டிருந்தீங்கன்னா நாங்களும் சரின்னு போயிருப்போம்” என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. கை தூக்கச் சொன்னார். போன நூற்றுப் பன்னிரண்டு போனதுதான். மற்ற வண்டிகள் தீபாவளி வரைக்கும் லோடு பலகையில் இருக்கட்டும் என்று இருபத்தாறு கைகள். வேண்டாம் என்று பதினான்கு. மூன்று வண்டிக்காரரின் கை இருபத்தாறில் இருந்தது. முகம் மட்டும் பதினான்கில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகத் தேய்க்காத பாத்திரங்களைத் தேய்த்தேன்.

அக்டோபர் 4, சனி

காலை 6 மணி. ஜெர்மனி, ஸ்டீல் 1. பக்கம் 1.8. நான்காவது கட்டத்தைத் திரும்பப் போட்டேன்.

கூட்டத்தில் நடந்தது கோவைக்கு எட்டிவிட்டது. அவர் கூப்பிட்டார். எதற்கு அப்படி எல்லார் முன்னாலும் சொன்னாய் என்று கேட்டார், திட்டுவதுபோல இல்லை. நான் செய்த தப்பை நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன், உங்களுடையது பாக்கி இருக்கிறது என்றேன்.

பிறகு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வரட்டுமா என்றார். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை 6 மணி. ஸ்டீல் 1. பக்கம் 1.8.

கோவையிலிருந்து ஐந்தரைக்கு வருகிறவர் இன்று தளத்துக்கு வரவில்லை. ஐந்தரைக்கு அவர் பஸ்ஸில் இருந்திருப்பார்.

பத்து மணிக்கு நாச்சிமுத்து அண்ணன் ஃபோன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அம்மிணி, மாப்ள நேரா இங்க சங்க ஆபீசுக்கு வந்துட்டாருங்க. பையக்கூடக் கீழ வெக்கல. என்னமோ எல்லாருகிட்டயும் சொல்லோணுமாமா. ஞாயித்துக்கெழம பாருங்க, பதினோரு பேருதான் இருக்கறாங்க. சொல்லச் சொல்லீரட்டுங்களா?”

தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

“நாப்பது பேரு சேர்ற வரைக்கும் உக்காரச் சொல்லுங்கண்ணா” என்றேன்.